எட்டாவது இடத்தில் இருக்கிற படம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், பிசியோதெரபி என்று நாள் ஓடிவிட்டது. இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறாள். உன்னைக் கேட்டாள். தங்கச்சி கல்யாணப் போட்டோ இன்னும் வரவில்லை, அனுப்பு.

சரி, உன் பட்டியலுக்கு வருகிறேன். உங்கள் ஃபிலிம் சொசைட்டியில் போடப் பத்து ஜெர்மன் படம், வரிசையைப் பார்த்துச் சொல் என்றாய். முதலிடத்தில் ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்' இருக்கும் என்று பிரிக்காமலே சொல்லியிருப்பேன். ஹாஸ்டல் மாடிப்படியில் அந்தக் கொலைகாரனின் விசிலை அடித்துக்கொண்டே ஏறியவன் ஆயிற்றே நீ! உனக்குத் துணையும் இருக்கிறது. 1995-இல் ஜெர்மனியிலேயே 100 முக்கியமான படங்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலில் வந்தது 'எம்', அடுத்தது 'டாக்டர் காலிகரி' என்கிற பழைய ஊமைப்படம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. குருட்டு பலூன்காரர் அந்த விசிலைக் கேட்டு ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிற இடம் இன்றைக்கும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. 1931-இல், பேசும் படம் வந்த புதிதில், ஒலியை இப்படிப் பயன்படுத்த ஃப்ரிட்ஸ் லாங்கால் முடிந்திருக்கிறது.

ஆனால் கிழக்கு ஜெர்மனி எங்கேடா? பத்தில் ஒன்றுகூட இல்லை. போருக்குப் பிறகு வந்த முதல் ஜெர்மன் படமே 1946-இல் டெஃபா, அதுதான் பின்னாளில் கிழக்கு ஜெர்மனியின் அரசு ஸ்டுடியோ, எடுத்ததுதான், பெர்லின் இடிபாடுகளுக்கு நடுவில். 1965 டிசம்பரில் அங்கே ஆண்ட கட்சியின் கூட்டத்தில் திட்டித் தீர்த்து, அந்த வருஷப் படங்களில் பெரும்பகுதியை அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? 'ஸ்பூர் டெர் ஷ்டைன' ('கற்களின் தடம்') என்கிற படத்தையும் 1966-இல் சில நாள் ஓடியதும் தூக்கிவிட்டார்கள். பெர்லின் சுவர் விழுகிற சமயத்தில்தான் மறுபடி திரைக்கு வந்தது. அதைப் போடு. கிழக்கு ஜெர்மனியின் உளவுப் போலீஸைப் பற்றிய 'லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' ஒன்றை வைத்துவிட்டால் கிழக்கைக் கணக்குத் தீர்த்தாயிற்று என்று நினைக்காதே. அது மேற்கில் வளர்ந்தவர் பின்னாளில் திரும்பிப் பார்த்து எடுத்த படம். நாஜிகளுக்குப் பிரசாரப் படம் எடுத்த ரீஃபென்ஷ்டாலை விட்டது சரி, அதில் உன் கட்சிதான் நானும்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. எட்டாவது இடத்தில் போட்டிருக்கிறாயே, இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் 'ஆங்ஸ்ட் எஸ்ஸன் ஸேல ஆவ்ஃப்', அதற்காக. ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவனில் நாம் அதை முதலில் பார்த்தபோது அந்தத் தலைப்பிலிருக்கும் இலக்கணப் பிழைக்குத்தான் சிரித்தோம். நம் ஜெர்மன் டீச்சர் என்றால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். வேலைக்கு வந்த மொராக்கோக்காரன் அலி பேசுகிற ஜெர்மன் அது. பயம் ஆத்மாவைத் தின்றுவிடும் என்பதை அவனுக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறான்.

போன வாரம் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. நான் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளும் பார்த்தாள். ஓடுகிற வேகத்தில் சப்டைட்டில் படிக்க முடியாது என்பதால் நடுநடுவே கதை சொல்லிக்கொண்டு வந்தேன். துப்புரவு வேலை செய்கிற அறுபது வயது எம்மி, தன்னைவிட எவ்வளவோ சின்னவனான அலியைக் கட்டிக்கொள்கிறாள். பிள்ளைகளிடம் சொன்னதும் ஒருத்தன் எழுந்துபோய் டிவியை உதைத்து உடைக்கிறான். "பெத்த பிள்ளையைப் பாரு" என்றாள் அம்மா. கூட வேலை செய்கிறவர்கள் எம்மியோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் அவள் முகம், சிறையில் இருக்கிற மாதிரி.

அப்புறம் ஊர் மெல்ல மாறுகிறது. மளிகைக் கடைக்காரருக்கு வியாபாரம் வேண்டும், மகனுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எல்லோரும் திரும்பி வருகிறார்கள். வேலையிடத்துக்குப் புதிதாக ஹெர்ஸகோவினாவிலிருந்து ஒரு பெண் வருகிறாள், சம்பளம் குறைவு. அதே படிக்கட்டு, அதே கம்பிகள், அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மேலே மற்றவர்களோடு சேர்ந்து எம்மி கூலி உயர்வு பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

நான் எதுவும் விளக்கவில்லை. அம்மா தானாகவே, "இவளுமா?" என்றாள்.

முரளி, எங்கள் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஜார்க்கண்டிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். வந்து ஏழு வாரம். அவள் தமிழை அம்மா சித்தியிடம் போனில் பேசிக் காட்டிச் சிரிப்பாள், நானும் சிரித்திருக்கிறேன். அவள் சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அங்கே உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே வா என்றும் யாரும் சொல்லவில்லை. ஏழு வாரமாக அந்தத் தட்டைத் தாண்டித் தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினைந்து நாளில் எடுத்த படம்டா. இரண்டு பெரிய படங்களுக்கு நடுவில் கிடைத்த சந்தில். லாங்கின் படத்தில் கொலைகாரனைத் துரத்துகிற கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறேன். இந்தப் படத்தில் அந்தக் கூட்டத்துக்குள்ளே என் முகம் இருக்கிறது. எம்மியே நல்லவள்தான், அலிமேல் உயிரையே வைத்திருக்கிறாள். அவள்தான் அவன் ஊர்ச் சாப்பாடான குஸ்குஸ் செய்து தர மாட்டேன், ஜெர்மன் சாப்பாட்டுக்குப் பழகிக்கொள் என்கிறாள். கூட வேலை செய்கிற பெண்களைக் கூப்பிட்டு அவன் புஜத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். கெட்டவர்களைக் காட்டுவது சுலபம். இதை அவ்வளவு அமைதியாகக் காட்ட எத்தனை பேரால் முடியும்? எனக்கு இதுதான் முதலிடம். 'எம்' இரண்டாவதாக இருக்கட்டும், கோபித்துக்கொள்ளாதே.

நேற்றிலிருந்து மூன்று பேரும் மேஜையில்தான் சாப்பிடுகிறோம். அந்தப் பெண் இன்னும் கூச்சப்பட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்கிறாள். அம்மாவும் அதிகம் பேசவில்லை, ரசத்தை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இந்தப் படம் போடுகிற நாளை முன்கூட்டியே சொல், கோவை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுகிறேன். உங்கள் செயலாளரிடம் ஒன்று சொல்லிவை: 93 நிமிஷம்தான், டீ, போண்டா என்று நடுவில் இடைவேளை விட வேண்டாம். அந்த இரண்டு படிக்கட்டுக்கும் நடுவில் விளக்குப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்