ஸ்லெட் (ஸ்நோமொபைல்) புகைக்குது எண்டு ஒயில் பம்பைக் குறைக்கக் கேக்கிற எங்கட வாடிக்கையாளர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஸ்நோ கொட்டத் தொடங்கினா கராஜில ஆறுதலா நிண்டு கதைக்க நேரம் கிடைக்காது, அதாலதான் இப்பவே எழுதுறம். போன சீசன் கனபேர் கேட்டது ஒரே விசயம்தான், ‘அண்ணை ஸ்லெட் சரியாப் புகைக்குது, ஒயில் பம்பைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ.’ நாங்கள் மாட்டம் எண்டு சொன்னதில சிலபேருக்கு மனவருத்தம். ஏன் மாட்டம் எண்டு ஒழுங்கா விளங்கப்படுத்த வேண்டியது எங்கட கடமை.

உங்களில கூடப்பேர் ஒன்ராறியோவில ஹாலிபர்ட்டன், பான்கிறொஃப்ட் பக்கம் கொண்டுபோறது பழைய டூ ஸ்ட்ரோக் காபரேட்டர் ஸ்லெட்டுகள். டூ ஸ்ட்ரோக்கில காரில இருக்கிற மாதிரி அடியில ஒயில் தேங்கி நிக்கிற இடம் இல்லை, பெற்றோலும் காத்தும் கிராங்க்கேஸுக்குள்ளாலதான் (கிராங்க் சுத்துற அடிப்பெட்டி) போகுது, அதோட சேந்து போற ஒயில்தான் கிராங்க் பேரிங்கையும் பிஸ்டனையும் சிலிண்டர் சுவரையும் காப்பாத்திப்போட்டு எரிஞ்சு போகுது. முந்தி பெற்றோலுக்குள்ள 50க்கு 1, 40க்கு 1 எண்டு அளந்து கலந்து ஊத்தினவை, பம்ப் வந்தாப் பிறகு அந்த வேலையை அது பாக்குது. எஞ்சின்தான் பம்பைச் சுத்துறது, அதால எஞ்சின் வேகம் கூடக்கூட ஒயிலும் கூடும். அதோட நீங்கள் பெருவிரலால திறொட்டிலை அமத்தேக்க ஒரு கேபிள் காபரேட்டரைத் திறக்க மற்றக் கேபிள் பம்பில இருக்கிற சின்ன லீவரை இழுக்கும், லீவர் எவ்வளவு திரும்புதோ அவ்வளவுக்கு ஒயில் கூட.

பிரச்சினை வாறது இந்தக் கேபிளிலதான். நாளாக நாளாக அது இழுபட்டு நீளும், உறைக்குள்ள ஊத்தை பிடிக்கும், பிறகு காபரேட்டர் திறந்து பெற்றோல் பாய்ஞ்சாப் பிறகுதான் லீவர் மெல்ல அசையும். வெளியில ஒரு அடையாளமும் தெரியாது, புகை குறைஞ்சு ஸ்லெட் முந்தியை விட நல்லா ஓடுறமாதிரிக் கூட இருக்கும், ஆனா ஏரிக்கு மேல நீட்டுக்கு முழுத் திறொட்டிலில போகேக்க திடீரெண்டு பிஸ்டன் சிலிண்டரோட பிடிச்சு எஞ்சின் நிக்கும். கழட்டினா பிஸ்டன்ர பக்கத்தில மேலிருந்து கீழ நீளநீளமாக் கீறல், உருகின அலுமினியம் சிலிண்டர் சுவரில அப்பிக் கிடக்கும். உள்ளதைச் சொல்லோணும், பிஸ்டன் பிடிச்சா ஆக்கள் உடன ஒயில் பம்பைத்தான் குறை சொல்லுவினம், எங்கட மேசைக்கு வந்ததில பழைய பெற்றோல் காய்ஞ்சு ஜெட் (காபரேட்டருக்குள்ள பெற்றோல் வாற சின்ன ஓட்டை) அடைபட்டதுதான் கூட. அதால நாங்கள் ரெண்டையும் சேத்துத்தான் பாக்கிறது.

அட்ஜஸ்ட் பண்ணுற ஒழுங்கு இதுதான். முதல்ல காபரேட்டர் ரெண்டும் ஒண்டாத் திறக்குதோ, ஐடில் சரியோ, திறொட்டில் கேபிளில தொய்வு அளவாத்தான் இருக்கோ எண்டு பாத்து முடிச்சுப்போட்டுத்தான் பம்பில கை வைக்கிறது, ஏனெண்டா காபரேட்டர் பக்கம் மாத்தினா பம்பின்ர நேரமும் மாறும். லீவரில ஒரு கோடு, பம்பின்ர உடம்பில ஒரு கோடு இருக்கும். கன மொடலில திறொட்டிலை மெல்ல அமத்தித் தொய்வு மட்டும் போய் காபரேட்டர் ஸ்லைட் எழும்ப வெளிக்கிடுற அந்த இடத்தில ரெண்டு கோடும் நேருக்குநேர் நிக்கோணும். சிலதில முழுத் திறொட்டிலில பாக்கிறது, ஆகவே உங்கட மொடலின்ர சேர்விஸ் புத்தகம் பாக்காமல் வீட்டில தொடாதேங்கோ. லொக் நட்டை இளக்கி அட்ஜஸ்டரைத் திருப்பிக் கோடு சரியா வந்தாப் பிறகு நட்டை இறுக்கினா கோடு திரும்பக் கொஞ்சம் விலகும், அதால இறுக்கினாப் பிறகும் ஒருக்காப் பாக்கிறது. ஹாண்டில்பாரை இடம் வலம் முழுக்கத் திருப்பியும் பாக்கிறம், அப்ப லீவர் அசைஞ்சா கேபிள் எங்கயோ இழுபடுது.

ஒயில் முடியவிட்டு ஓடினாலோ லைனைக் கழட்டினாலோ காத்து உள்ள போயிடும், அந்த மெல்லிய லைனுக்குள்ள ஒரு குமிழ் நிண்டாலே அந்த நேரம் சிலிண்டருக்கு ஒயில் இல்லை. பம்பில இருக்கிற சின்ன ஸ்குரூவை இளக்கி, குமிழ் இல்லாமல் ஒயில் வருமட்டும் விட்டுத்தான் பூட்டுறது. பிறகு டாங்கில 50க்கு 1 கலந்த பெற்றோல் விட்டு, எஞ்சின் ஐடிலில ஓட லீவரை மட்டும் கையால முழுக்கத் தூக்கிப் பிடிச்சு மற்ற லைனுகளையும் நிரப்புறம். இதுக்காகத்தான் உங்கட பில்லில கொஞ்ச நேரம் கூட விழுறது. அதுக்காக எப்பவும் பாதுகாப்புக்கெண்டு பெற்றோலுக்குள்ளயும் ஒயில் கலக்க வேண்டாம், ஒயில் கலந்த அளவுக்குப் பெற்றோல் குறையுது, ஜெட் மாத்தாட்டி எஞ்சின் இன்னும் சூடாத்தான் ஓடும்.

சரி, அப்ப புகைக்கு என்ன காரணம்? கோடை முழுக்க நிக்கேக்க ஒயில் சொட்டுச் சொட்டாக் கிராங்க்கேஸுக்குள்ள இறங்கிப்போய் நிக்கும், அது எரியுமட்டும் முதல் ஸ்டார்ட்டில புகைக்கத்தான் செய்யும். ஸ்டார்ட் பண்ணப் போட்ட சோக்கைத் திரும்ப ஓஃப் பண்ண மறந்தாலும் புகைக்கும். இல்லாட்டி முந்தி வச்சிருந்த ஆள் பம்பைக் கூட்டி வச்சிருப்பார், அப்பிடி எண்டா நாங்களே கோட்டுக்குக் கொண்டுவந்து விடுவம், ஏனெண்டா கூடினாலும் பிளக் நனையும், எக்ஸோஸ்ற் வால்வில கரி ஒட்டும். கோட்டுக்குக் கீழ இறக்கிறதுக்குத்தான் எங்களைக் கேக்காதேங்கோ. படகு மோட்டருக்கு விக்கிற டிசி டபிள்யூ 3 ஒயிலையும் மலிவெண்டு ஊத்தாதேங்கோ, ஸ்லெட் ஒயில் மைனஸ் 40லயும் ஓடக்கூடினதாச் செய்தது.

ஸ்கி-டூவின்ர இ-டெக் எஞ்சின் வச்சிருக்கிற ஆக்களுக்கு இந்தக் கேபிள் வேலை இல்லை, அதில பம்பை நடத்துறது கொம்பியூட்டர். ஃபோர் ஸ்ட்ரோக் வச்சிருந்தாலும் இந்தப் பம்ப் இல்லை.

ஸ்லெட்டை நவம்பருக்கு முதல் கொண்டுவந்தா அவசரப்படாமல் பாக்கலாம், டிசம்பரில வரிசை நீளும். ஒயில் டாங்கைக் காலியாக்காமல் அப்பிடியே கொண்டுவாங்கோ, கடைசியா ஊத்தின ஒயில் போத்தலையும் எடுத்து வாங்கோ, அல்லது அதின்ர லேபிளைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கோ.