ஆடிக்காற்றில் ஒரு கறுப்பு 911

அன்புள்ள மாப்ளே,

கோபமாக இருப்பாய். சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். போன் பண்ணியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியில் புகுந்து ஷார்ஜா கதையை ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அப்புறம், தினமும் காலையில் நீ அனுப்பும் ரோஜாப்பூப் படங்களைத் தயவுசெய்து நிறுத்து, போனில் இடமே இல்லை.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி, அது தெரிந்த கதைதான். பெரியவள் காலேஜில் இரண்டாம் வருடம். சோடாபுட்டி மறுபடியும் மனை வியாபாரம் என்று கிளம்பி முதல் ஆளாக என்னிடம் வந்தான். அந்தப் பழைய பச்சை கான்டஸா கார் விவகாரத்தை ஞாபகப்படுத்தினேன். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம் பட்டறைக்கு ஒரு போர்ஷே 911 வந்தது. 997 மாடல், 2008 வண்டி, பசால்ட் பிளாக் மெட்டாலிக். வண்டிக்காரர் ஒரு எலும்பு டாக்டர், அறுபதைத் தாண்டியவர். டிரைவர் கிடையாது. ஞாயிறு விடிவதற்குள் கிளம்பி, ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வால்பாறையில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவாராம். உறை போட்டு மூடி வைக்காமல் ஓட்டுகிற மனுஷன். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஷெட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. வெளியே தள்ளி வெயிலில் நிறுத்தினேன். வயிறு கலங்கிவிட்டது, மாப்ளே. சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போலக் கோடுகள். அதற்கு அடியில், ரோட்டரி பாலிஷ் மெஷின் போன தடம் அலை அலையாகத் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் இடத்தில் பாலிஷ் போட்டாராம். கம்பளிப் பேடைப் போட்டு அழுத்தி இழுத்திருக்கிறார்கள். விழுந்த கோடுகளை எண்ணெய்ப்பசையுள்ள பாலிஷால் நிரப்பி, கண்ணாடி மாதிரி ஆக்கி, சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாலு வாஷுக்கு அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அதற்கு மேல், அவர் அபார்ட்மென்டில் தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுகிறார்கள். தூசியில் இருக்கும் மணல்தான் அப்படிக் கீறுகிறது. கழுவுவது போர்த் தண்ணீரில். பானெட் முழுக்க உப்பு வட்டம் வட்டமாக உறைந்திருந்தது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊரில் வண்டிக்கு இந்தக் கதி.

நீ போன பிறகு வாங்கிய, பெயிண்டின் தடிமனை அளக்கும் மைக்ரான் மீட்டரை எடுத்தேன். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொள். கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் பிரைமரிலிருந்து மேல்பூச்சு வரை எல்லாம் சேர்ந்தே சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு ஏறக்குறைய 40, 50. நாம் பாலிஷ் போடுகிறோம் என்றால் அந்த 40-இல் கொஞ்சத்தைச் சீவுகிறோம். வெயிலையும் மழையையும் தாங்குகிற பாதுகாப்பு அதுதான். திரும்ப வளராது. நமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி காலத்தில், கிளியர் கோட் இல்லாத டூகோ பெயிண்டில் துணியிலேயே வண்டியின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், ஞாபகம் இருக்கிறதா? நீலப் பியட்டைத் தேய்த்தால் உன் சட்டையே நீலம். இப்போது பேடில் நிறம் வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

கூரையில் 120, பானெட்டில் 110. பின் சக்கரத்துக்கு மேலே இடுப்பு மாதிரி புடைத்திருக்கிறதே, அந்த வளைவின் விளிம்பில் இடது பக்கம் 84. முன்னால் போட்டவன் அங்கே எவ்வளவு தின்றிருக்கிறான் பார். வலது கதவில் 270. அந்தக் கதவு எப்போதோ மறு பெயிண்ட் அடித்தது. டாக்டருக்கு அது தெரியாது, ஒரிஜினல் பெயிண்ட் என்று நம்பி வாங்கியிருக்கிறார். பம்பர் பிளாஸ்டிக், அதில் மீட்டர் பேசாது. அங்கே கையும் கண்ணும்தான்.

கழுவி முடிக்கவே ஒரு நாள் ஆனது. நுரை அடித்து ஊறவிட்டு, ஷாம்புவுக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி, தாரைக் கரைத்து எடுத்து, அப்புறம் இரும்புத்தூளைக் கரைக்கும் மருந்து. பின் சக்கரத்துக்குப் பின்னால் அடித்த இரண்டே நிமிடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வழிந்தது. பிரேக் தூள் அவ்வளவும் பெயிண்டுக்குள் குத்திக்கொண்டு இருந்திருக்கிறது. ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் கிளே களிமண் போட்ட பிறகு மேஸ்திரி சொல்லிக்கொடுத்தபடி பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டித் தடவிப் பார்த்தேன். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் கையை விட்டால் தெரியும். இன்றைக்கு இதை வீடியோ போட்டுக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர் பூக்கடைக் கவரை மாட்டிக்கொண்டு அன்றைக்கே செய்தார்.

மெஷின் ஓட்டியது மூன்று ராத்திரி. ஆடிக்காற்று தெரியுமே, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் புழுதி பகலெல்லாம் ஷெட்டுக்குள் இருக்கும். ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கி, தரையை நனைத்துவிட்டு ஆரம்பித்தால் இரண்டு மணி வரைக்கும். முதலில் பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டிச் சோதனை. மெல்லிய பேடு, மெல்லிய பாலிஷ். கோடு பாதி நின்றது. ஒரு படி ஏற்றினேன். இத்தாலிக்காரன் ரூப்பெஸ் மெஷின், 15 மில்லிமீட்டர் சுற்று. பேடு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே வட்டமும் அடிப்பதால் ரோட்டரி மாதிரி ஒரே இடத்தில் சூடு ஏறாது. கைவேகம் அவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும், நடை பழகும் குழந்தையோடு நடக்கிற மாதிரி. குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு. துடைத்துவிட்டு ஐ.பி.ஏ. ஆல்கஹால் அடித்து எண்ணெயை எடுத்துவிட்டு லைட்டைப் பிடித்தேன். கோடுகள் போன இடத்தில் கறுப்பு ஆழமாகி, உள்ளே மெட்டாலிக் பொடி தனித்தனியாக மினுங்கியது. சின்னவன் டார்ச்சைப் பிடித்தபடியே பத்து நிமிடம் நின்றான். மீட்டர் காட்டிய வித்தியாசம் இரண்டு மைக்ரான்.

இடது இடுப்பில் ஒரு கீறல், நகத்தை வைத்தால் மாட்டுகிறது. வால்பாறை மலையில் ஏதோ கிளை கிழித்தது. நகம் மாட்டினால் அதை எடுக்க முயலக் கூடாது, அதுவும் 84 இருக்கிற இடத்தில். கையாலேயே விளிம்பை மட்டும் மழுக்கி, வெளிச்சம் அதில் உடையாமல் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். டாக்டரிடம் சொன்னேன், ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துக்கொண்டார். ஆனால் மேலே 9எச் செராமிக் கோட்டிங் போட்டால் கல் பட்டாலும் கீறாதாமே என்று கேட்டார். அந்த 9எச் என்பது பென்சிலை வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையின் கணக்கு, கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான்தான் இருக்கும், தண்ணீர் ஒட்டாது, கழுவுவது சுலபம், காய்ந்த துணியால் தேய்த்தால் மறுபடியும் கோடு விழும் என்றேன். இதைச் சொல்வதாலேயே மாதத்துக்கு இரண்டு மூன்று வண்டி என்னை விட்டுப் போகிறது. போகட்டும். பொய் சொல்லி ஒருத்தர் வண்டியில் கை வைக்க எனக்கு முடியாது.

மேஸ்திரி வந்து பார்த்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஆட்டோவில்தான் வருகிறார். ஒன்றும் பேசவில்லை. புறங்கையால் அந்த வளைவை முன்னாலிருந்து பின்னால் வரை ஒருமுறை தடவினார். "பெயிண்டரு எங்கடா இருக்கான் இப்ப?" என்று உன்னைத்தான் கேட்டார்.

இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம்.

வண்டியை எடுக்க டாக்டர் வந்த அன்று சாவியைக் கொடுக்கப் போய்க் கீழே போட்டுவிட்டேன். எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. அவர் வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு விரலால் தட்டினார். கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரைக்கும் கரண்டு அடித்த மாதிரி ஓடியது. ராத்திரி மரத்துப்போய் எழுந்து கையை உதறுவீர்களா என்று கேட்டார். ஒரு வருடமாக உதறிக்கொண்டுதான் இருக்கிறேன், மாப்ளே. மெஷின் அதிர்வுதான். நரம்புச் சோதனையும் செய்தாயிற்று, மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. ராத்திரி பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், மூன்று மாதம் மெஷினைத் தொடக் கூடாது, கேட்காவிட்டால் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். கட்டைவிரல் அடிச்சதை ஏற்கெனவே கொஞ்சம் வற்றியிருக்கிறதாம். வீட்டில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் இதைச் சொல்ல?

சின்னவனுக்குப் பொறுமை இருக்கிறது, ஆனால் விளிம்பு வந்தால் அழுத்துகிறான். தனியாக விட இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். உன் விசா கார்த்திகையில் முடிகிறது என்று எழுதியிருந்தாய். புதுப்பிப்பதற்கு முன்னால் ஒரு தடவை யோசி. கணக்கில் சரிபாதி. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. தங்கச்சியிடமும் கேட்டுவிட்டுச் சொல், அவசரமில்லை. பதிலை மட்டும் போனில் சொல்லாதே, எழுது.

அந்த வலது கதவைச் சோதித்துப் பார்த்தேன். மறு பெயிண்ட் என்பதால் மேலெல்லாம் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம், பாலிஷுக்கு மசியாது. 2000, 3000 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தண்ணீரில் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அது உன் கை வேலை. டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, தை மாதம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வெயிலில் அந்தப் பக்கம் மட்டும் இன்னும் கலங்கலாகத்தான் தெரிகிறது.

உன்
பங்காளி