எண்பதுகள் என்றால் பத்து வருடமும் வரவேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்பதுகளின் கீதங்கள் என்று காலையில் பெரிய ஆரவாரத்தோடு தொடங்கிவிட்டு, 1991இல் வந்த சின்னத்தம்பிப் பாட்டைப் போடுகிற நம் பண்பலைக்காரர்களைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை, கேட்கிறவர்களுக்குத் தெரியும்.

கனடாவில் மகள் வீட்டில் போய் நின்றபோது மருமகனின் காரில் செய்மதி வானொலி கேட்டுப் பழகிவிட்டேன், என் எரிச்சலுக்கு அதுதான் காரணம். சிரியஸ் எக்ஸ்எம் என்று பெயர், சந்தா கட்டிக் கேட்கவேண்டும். எழுபதுகளின் பாட்டுக்கு 7ஆம் அலைவரிசை, எண்பதுகளுக்கு 8, தொண்ணூறுகளுக்கு 9. ரொறன்ரோவை விட்டு வடக்கே போகப்போக மற்ற நிலையங்கள் ஒவ்வொன்றாக இரைச்சலாகிவிடும், இது விடாது, நிலத்தடி வாகனத் தரிப்பிடத்துக்குள் இறங்கினால்தான் நிற்கும். எனக்கு ஆங்கிலப் பாட்டுப் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் 8ஐ மாற்றவிடமாட்டேன், பேரப்பிள்ளைகளுக்கு அது ஒரு பகிடி.

அவர்கள் நடத்துகிற விதம்தான் என்னைப் பிடித்துவைத்தது. 1981இல் அமெரிக்காவில் எம்ரிவி என்ற பாட்டுத் தொலைக்காட்சி தொடங்கியபோது பாட்டுகளை அறிமுகம் செய்த ஐந்து பேரில் ஒருவர் 2004இல் இறந்துபோனார், மிச்ச நால்வரையும் கூட்டிவந்து இந்த அலைவரிசையில் கதைக்கவிட்டார்கள். கிழமைக்கு ஒருமுறை, எண்பதுகளில் ஏதாவது ஒரு வருடத்தை எடுத்து, அந்த வருடத்தின் இதே கிழமையில் தரவரிசையில் நின்ற நாற்பது பாட்டையும் கீழிருந்து மேலே போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த நாற்பதில் எத்தனையோ பாட்டு பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதவை, மருமகனுக்கே தெரியாது, சில சுத்த அறுவை. சரி, அறுவையும் அந்தக் காலத்தில் இருந்ததுதானே! 7இல் கேசி கேசம் என்பவர் எழுபதுகளில் நடத்திய தரவரிசை நிகழ்ச்சியையே அப்படியே மறுஒலிபரப்புச் செய்கிறார்கள்.

நம்மிடம் எண்பதுகள் என்றால் இளையராஜா, அதிலும் திரும்பத் திரும்ப ஒரே பாட்டுகள். ராஜாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதே பத்து வருடத்தில்தான் சங்கர் கணேஷ் படத்துக்கு மேல் படம் போட்டார்கள், சந்திரபோஸ் இருந்தார், டி. ராஜேந்தர் இருந்தார், எம்.எஸ்.வி.யும் ஓயவில்லை. அந்த நாட்களில் கசற் அடிக்கிற கடைக்குக் கொப்பித் தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு போவோம். ரி.டி.கே. 60 என்றால் ஒரு பக்கம் அரை மணித்தியாலம், நாம் எழுதிய கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துவிடும் என்று கடைக்காரர் அதைத் தூக்கிவிட்டு, மிச்ச இடத்துக்குத் தன் விருப்பத்தில் ஒரு சின்னப் பாட்டைச் செருகிவிடுவார். மனோஜ் கியானும் வி.எஸ். நரசிம்மனும் என் காதுக்கு வந்தது அப்படித்தான். இன்றைய எண்பதுகள் நிகழ்ச்சியில் அந்தக் கடைக்காரரின் வேலையைச் செய்ய ஆள் இல்லை.

பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை என்று சொல்லும் வழக்கத்தை நமக்கு வெளிநாட்டுக்காரன் வந்து படிப்பிக்கவேண்டியதில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று ஒரு வரிசையே இலங்கை வானொலியில் இருந்தது, தமிழ்நாட்டில் இருந்தவர்களும் நம் வர்த்தக சேவையைத்தான் பிடித்துக் கேட்டார்கள். இப்போது இடையிசை வரும்போது அறிவிப்பாளர் சிரிக்கிறார், இல்லாவிட்டால் சீமெந்து விளம்பரம்.

எழுபதுகளை எடுத்தால் இன்னும் கவலை. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம், நம்மவர் ஆக்கங்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது, பொப் பாட்டு கொடிகட்டிப் பறந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், இந்தத் திருமலை மண்ணின் பரமேஷ் கோணேஷ் சகோதரர்கள், இவர்களெல்லாம் கல்யாண வீட்டு இசைக்குழு வாயிலாகத்தான் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவேண்டுமா? எழுபதுகளின் நிகழ்ச்சி என்று போட்டுவிட்டு முழுக்கக் கோடம்பாக்கப் பாட்டாக ஓட்டினால் அது நம் எழுபதுகள் இல்லை.

இதற்காக யாரும் செய்மதி ஏவவேண்டாம். ஆசியாவுக்கென்று 2000இல் ஏஷியாஸ்ரார் செய்மதியை ஏவிய வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற செய்மதி வானொலி என்ன ஆனது என்று பார்த்தோமே, தமிழுக்குத் தனி அலைவரிசை இருந்தது, விளம்பரத்துக்கு ரகுமான் வந்தார், அப்படியிருந்தும் கம்பனி கடனில் விழுந்து இந்தியாவில் 2009 முடிவோடு மூடிவிட்டார்கள். இருக்கிற பண்பலையில், கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஒரு வருடம் என்று எடுத்தால் போதும். இந்தக் கிழமை 1982 என்றால் 1982 மட்டும், ஓடிய படமும் ஓடாத படமும், உள்ளூர்ப் பாட்டும் சேர்த்து. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டுக் களஞ்சியத்தில் தேடினால் கிடைக்காததா?

நேரம் மட்டும் இரவு ஒன்பதுக்குப் பிறகு வைக்கவேண்டாம். இதைக் கேட்கக்கூடிய வயதுக்காரர் அந்நேரம் படுத்துவிடுவோம்.

ஒரு வானொலி நேயர்,
உவர்மலை, திருகோணமலை.