அறுபது மீட்டரில் நில்லுங்கள்: சேலம், ஏற்காட்டுப் பகுதியில் காட்டுயிர்ப் படம் எடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய நண்பர்களுக்கு,

வணக்கம். விடிவதற்கு முன்பே சேலத்திலிருந்து கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, வெயில் விழும் நேரத்தில் சேர்வராயன் மலையின் காபித் தோட்டச் சாலைகளில் கேமராவோடு நிற்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் எனக்கு நேரில் பழக்கமானவர்கள். சிலரோடு ஒரே காரில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் மலையேறியிருக்கிறேன். ஆகவே இதை வெளியாள் ஒருவரின் புகார் மனுவாக எண்ண வேண்டாம். இதில் சொல்லப்போகும் தவறுகளில் என் பங்கும் இருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இப்போது நின்று படம் எடுக்கும் இடத்தைவிட நன்றாகப் பின்னால் தள்ளி நில்லுங்கள்.

கடந்த கார்த்திகையில், காபிப் பழம் பறிக்கும் பருவத்தில், நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டச் சாலையில் எட்டுப் பேர் நின்றிருந்தோம். சில்வர் ஓக் மரங்களுக்கு இடையிலிருந்து தனியாக ஓர் ஆண் காட்டுமாடு (நாம் காட்டெருமை என்று சொல்வது) வெளியே வந்தது. முதலில் எல்லோரும் காரருகிலேயே இருந்தோம். ஒருவர் பத்தடி முன்னே போனார். அவர் முதுகு மற்றவர்களின் படத்தை மறைத்ததால் அடுத்தவர் அவரைத் தாண்டினார். இப்படி ஒருவரை ஒருவர் தாண்டித் தாண்டியே, யாரும் முடிவெடுக்காமல், அந்த மாட்டிலிருந்து இருபத்தைந்து மீட்டருக்குள் போய்விட்டோம். அது உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுத் திமில் முழுவதும் தெரிய, தலையைச் சற்றுத் தாழ்த்தி அசையாமல் நின்றது. "நல்லா போஸ் குடுக்குது" என்று எங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். நாங்கள் அனைவரும் அதை நம்பினோம். சிறிது நேரத்தில் அது மூக்கால் பலமாகச் சீறிவிட்டுச் சரிவில் இறங்கிக் காபிச் செடிகளுக்குள் மறைந்தது. நாங்களும் காரில் ஏறிச் சிற்றுண்டிக்குப் போய்விட்டோம்.

அரை மணி நேரம் கழித்து அதே சாலையில், இடுப்பில் சாக்குப்பை கட்டிக்கொண்டு, பழம் பறிக்க ஐந்தாறு பெண்கள் வந்திருக்கிறார்கள். கலைந்த மாடு இன்னும் அமைதியாகாமல் சாலையோரத்திலேயே நின்றிருக்கிறது. அவர்களைக் கண்டதும் அது பாய்ந்து குறுக்கே ஓட, ஓர் அம்மாள் தப்பிக்கும் அவசரத்தில் கல்லில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் கூட்டத்தைக் கண்டு வண்டியை நிறுத்தியபோதுதான் எங்களுக்கு இது தெரிந்தது. அவரைத் தாங்கிப் பிடித்திருந்த பெண் எங்கள் கழுத்தில் தொங்கிய கேமராக்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க பாத்துட்டுப் போயிருவீங்க சார், நாங்க தெனமும் இந்த வழியிலதான போவணும்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. அன்று எடுத்த நாற்பது படங்களையும் நான் இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

காட்டுமாடு பக்கவாட்டில் திரும்பி நிற்பது தன் உடலின் அளவைக் காட்டி எதிராளியைப் பின்வாங்கச் செய்யும் எச்சரிக்கை. ஆண் மாடுகள் தமக்குள் மோதுவதற்கு முன் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கும். நன்கு வளர்ந்த ஆண் 600 கிலோவிலிருந்து 1000 கிலோ வரை எடை இருக்கும். நாம் எருமை என்று சொல்லிப் பழகிவிட்டதால் இதைச் சாதுவான தொழுவத்து விலங்குபோல் நினைத்துவிடுகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இது எருமை இனம் அன்று. சங்கப் பாடல்கள் ஆமா என்றும் ஆமான் என்றும் மலைச்சாரலில் வைத்துப் பாடிய காட்டு மாட்டினம். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதை மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது.

நெருங்கிப் போனால்தான் நல்ல படம் கிடைக்கும் என்ற எண்ணம் நம் கருவிகளின் கணக்குக்கே பொருந்தாது. விலங்கின் உயரத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸில் மி.மீ. கணக்கில் குறித்திருக்கும் எண்) பெருக்கித் தொலைவால் வகுத்தால், கேமராவுக்குள் படம் பதியும் தகடான சென்சாரில் விழும் பிம்பத்தின் உயரம் கிடைக்கும். ஆண் காட்டுமாட்டின் தோள் உயரம் ஏறத்தாழ 170 செ.மீ. என்று கொள்வோம். நம்மில் மிகுதியானோர் வைத்திருக்கும் 70-300 லென்ஸை 300 மி.மீ.யில் வைத்து 60 மீட்டரிலிருந்து எடுத்தால் பிம்பம் 8.5 மி.மீ. உயரம் வரும். தொடக்கநிலைக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சாரின் உயரம் ஏறத்தாழ 15 மி.மீ.தான். ஆக, படச்சட்டத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் மாடே நிற்கும்; மீதியில் அது நிற்கும் புல்லும் மரநிழலும் பனியும் வரும். அதே லென்ஸோடு 20 மீட்டருக்குப் போனால் பிம்பம் 25 மி.மீ.யைத் தாண்டிவிடும், மாடு படச்சட்டத்துக்குள் அடங்கவே அடங்காது. அன்று நாங்கள் இருபத்தைந்து மீட்டரில் எடுத்த படங்களில் பலவற்றில் காலோ திமிலோ வெட்டுப்பட்டிருந்ததற்கும் இதுவே காரணம்.

கைப்பேசியில் எடுப்போரின் சிக்கல் வேறு. அதன் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது என்பதால், 60 மீட்டரில் காட்டுமாடு ஒரு கரும்புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளியைப் பெரிதாக்கத்தான் அவர்கள் நடந்து முன்னே போகிறார்கள். நம்மோடு வரும் அப்படிப்பட்ட நண்பர்களுக்கு நம் கேமராவின் திரையில் விலங்கைக் காட்டி, அவர்களை வண்டியருகே நிறுத்திவைப்பது நம் பொறுப்பு. காரிலிருந்து இறங்காமல் எடுப்பது இன்னும் நல்லது. செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு கிலோ மொச்சை வாங்கி, தடித்த துணிப்பையில் தைத்துக் கார்க் கண்ணாடி விளிம்பில் வைத்துக்கொண்டால், ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள 150-600 லென்ஸ்கூட முக்காலி இல்லாமல் ஆடாது நிற்கும். தமிழரான மா. கிருஷ்ணன் (1912-1996) பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையில், நம் நாட்டுக் காட்டுயிர்களைப் படமெடுத்தார். அவர் கைக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு வசதியான கருவிகள் இன்று நம் தோளில் தொங்குகின்றன.

பறவைகளிடம் நாம் வேறு வழியில் தூரத்தைக் குறைக்கிறோம்: நாம் போவதில்லை, அவற்றை வரவழைக்கிறோம். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் தெற்கே வரும். வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீட்டு முற்றங்களிலும் மாடிப்படிகளிலும் விழுந்துகிடப்பதை ஊருக்குள்ளேயே பார்க்கலாம். ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள அப்பறவை, காபிச் செடிகளின் அடியில் சருகு நிறைந்த ஒரு சிறு இடத்தைத் தனதாக்கிக்கொண்டு, புழுவும் பூச்சியும் தேடி உடலைத் தேற்றிக்கொள்ளும். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் நான் அதன் குரலைக் கைப்பேசியில் இருபது நிமிடம் ஒலிக்கவிட்டேன். வேறொரு பறவை தன் இடத்தைப் பறிக்க வந்துவிட்டதென்று அஞ்சி, அது இரை தேடுவதை விட்டுவிட்டு, என்னைச் சுற்றிச் சுற்றி வந்து கூவியது. படம் கூர்மையாக வந்தது, பாராட்டும் கிடைத்தது. அந்த இருபது நிமிடமும் இருட்டுவதற்கு முன் அது இரை தேட மீதமிருந்த கடைசி நேரம் என்பது எனக்குப் பிறகே உறைத்தது. 600 மி.மீ. லென்ஸ் இருந்தால் 12 மீட்டரில் மரத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாலே போதும். அது தானாக வந்து சருகைப் புரட்டும்போது ஏபிஎஸ்-சி படச்சட்டத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைந்துவிடும். அப்படிக் காத்திருந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய காலைகளே எனக்கு அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் வாதிட இடமில்லை. செம்மீசைச் சின்னான் என்ற சிறு பறவை காபிச் செடியில் நம் இடுப்பு உயரத்திலேயே கூடு கட்டும். படம் தெளிவாக வரவேண்டுமென்று இரண்டு இலைகளை விலக்கிக் கட்டிவிட்டு வந்தால், அந்த வழியாகத்தான் வெயிலும், குஞ்சுகளைத் தின்னும் வால்காக்கையும் கூட்டுக்குள் போகும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே, பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும், இரை வைத்து விலங்கை வரவழைப்பதும் அடங்கும். துப்பாக்கி தொடாத நாம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடக்கூடாது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இனி நாம் கண்காட்சிக்கோ போட்டிக்கோ வைக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் குவியத் தூரத்தோடு, எத்தனை மீட்டரிலிருந்து எடுத்தது என்பதையும் எழுதுவோம். பறவைக் கூடுகளின் படங்களையும், குரல் ஒலித்து வரவழைத்த பறவைகளின் படங்களையும் ஏற்காமல் விடுவோம். காட்டுமாடு கலைந்துவிட்டது என்று தெரிந்தால், சிற்றுண்டிக்குப் போகாமல் அங்கேயே வண்டிக்குள் இருந்து, அந்த வழியில் வேலைக்கு வருவோரை நிறுத்தி எச்சரித்துவிட்டு, வனத்துறைப் பணியாளருக்கும் தகவல் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். 60 மீட்டர் என்பது சட்டம் சொல்லும் அளவு அன்று. என் அனுபவத்தையும் மேலே சொன்ன கணக்கையும் சேர்த்து நான் முன்வைக்கும் அளவு. கன்றோடு நிற்கும் கூட்டத்துக்கு அதுவும் போதாது. இதைவிடப் பொருத்தமான அளவை யாரேனும் சொன்னால் ஏற்கிறேன்.

என்னுடைய ஆறுமணிக்குருவிப் படத்தை அடுத்த கண்காட்சியிலிருந்து எடுத்துவிடும்படி ஏற்பாட்டாளர்களிடம் சொல்லிவிட்டேன். வரும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கேமரா இல்லாமல் அளவுநாடாவோடு மட்டும், ஏற்காடு ஏரிக்கரையில் நிற்பேன். 60 மீட்டர் என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று தரையில் அளந்து பழகிக்கொள்ள விரும்புவோர் வாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு மலையேறும் ஒருவன்
அஸ்தம்பட்டி, சேலம்