வடசென்னை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். என் அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், வயிற்றெரிச்சல், தூக்கமில்லை என்று அவர் மூன்று முறை சுகாதார நிலையம் ஒன்றுக்குப் போனார். மூன்று முறையும் மாத்திரையோடு திரும்பினார். அதே வாரங்களில் டீக்கடைப் பாக்கியைத் தீர்த்தார். அப்பா காலத்து வலை பின்னும் ஊசியை என் மகன் கையில் கொடுத்து, "நீயே வெச்சுக்கோடா" என்றார். பொறுப்பு வந்துவிட்டதென்று நாங்கள் மகிழ்ந்தோம். அவர் விடைபெற்றுக்கொண்டிருந்தார் என்பது, உயிர் பிழைத்து மருத்துவமனையில் கிடந்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

அங்கே இரவுப் பணியிலிருந்த செவிலியர் ஒருவர் கட்டிலோரம் உட்கார்ந்து, "அண்ணே, செத்துடலாம்னு எத்தனை நாளா நினைச்சிட்டிருந்தீங்க?" என்று நேராகவே கேட்டார். "தை மாசத்துல இருந்து" என்றார் அண்ணன். அதுவரை அந்தக் கேள்வியை, நான் உட்பட, ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அது தவறென்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது; கேட்பதால் மனப்பாரம் குறைகிறதே தவிர, ஆபத்து கூடுவதில்லை. சாக நினைப்பவர்களில் பெரும்பாலோர் சாவை விரும்புவதில்லை, தாங்க முடியாத வலி நின்றால் போதும் என்றே தவிக்கிறார்கள். எங்கள் பகுதி ஆண்களுக்கு அந்த வலியை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை; நெஞ்சு படபடப்பு, தலைவலி, பசியில்லை என்று உடம்பின் மேல் ஏற்றித்தான் சொல்வார்கள். ஆகவே காரணம் பிடிபடாத வலியோடு ஒருவர் திரும்பத் திரும்ப வரும்போது, அந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள் என்று இரு கை கூப்பிக் கேட்கிறேன்.

உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்றும் பயப்படுகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை, மாத்திரை வாங்கும் ஜன்னலருகே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

இன்னொன்று. அண்ணன் போன இடத்தில் வரிசை மருத்துவரின் மேசை வரை நிற்கும். பின்னால் நிற்பவர் பக்கத்துத் தெருக்காரர். அவர் காதுபட யார் மனம் திறப்பார்? உங்கள் நிலையத்திலும் அப்படித்தான் என்றால், அடுத்த தடைக்காலத்துக்குள் அந்த மேசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு திரையாவது கட்டுங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு தங்கை