ஏழாவது முறையாகச் சொல்கிறேன், என் பிக்கப் வண்டியைச் சரி செய்து கொடுங்கள்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், ராயபுரம், சென்னை – 13

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: பிக்கப் வண்டியை 2 இஞ்ச் உயர்த்துகிற லிஃப்ட் கிட்டும் 265/75 ஆர்16 அளவுப் பெரிய டயரும் போட்டதில் வந்த கோளாறு, உங்கள் ஊழியர் பேசிய பேச்சு தொடர்பாக

ஐயா,

வணக்கம். பில் நகலை இணைத்திருக்கிறேன். என்ன கிட், எந்த ஷாக், என்ன டயர் என்பதெல்லாம் போட்டவர்களான உங்களுக்கே தெரியும், அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆறு தடவை போன், மூன்று தடவை நேரில், வாட்ஸ்அப்பில் போட்டோவும் வீடியோவும். எல்லாவற்றிலும் நீல டிக் விழுந்திருக்கிறது, பதில்தான் இல்லை. ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன்.

நான் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை செய்கிறவன். கியர் பாக்ஸ், ப்ரொப்பல்லர் என்று பின்னால் ஏற்றிக்கொண்டு எண்ணூர், பழவேற்காடு வரை போவேன். பழவேற்காட்டில் மணலில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் எது ரோடு, எது பள்ளம் என்றே தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான்கு நாள் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. அப்போது முடிவு செய்ததுதான் வண்டியை ஏற்றிக் கட்டுவது. உங்கள் கடையில், "இந்த மாதிரி ரோட்டுக்குன்னே செஞ்ச கிட்டு சார், கண்ண மூடிக்கினு ஓட்டலாம்" என்றார்கள். கிட் 78,000, நான்கு டயர் 70,000, கூலி 14,000. மொத்தம் 1,62,000 ரூபாய். ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை.

எடுத்து வந்த அன்றே ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்தது. 60-ஐத் தாண்டினால் கையில் உதறல். முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டுக்குள் இருக்கிற பிளாஸ்டிக்கை உரசுகிறது. "500 கிலோமீட்டர் ஓட்டுங்க சார், செட் ஆயிடும்" என்றார்கள். ஓட்டினேன். 3,500 கிலோமீட்டரில் முன் டயர் இரண்டிலும் உள்பக்க ஓரத்தில் பட்டனே (ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் கட்டிகள்) இல்லை. இடது டயரில் நூல் தெரிகிறது. என் பழைய டயர் 40,000 கிலோமீட்டர் ஓடியும் பட்டன் வைத்திருந்தது.

இதைச் சொல்லத்தான் உங்கள் சர்வீஸ் நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் பில் நம்பரைக் கேட்கவில்லை, எந்த ஏரியா என்று கேட்டான். ராயபுரம் என்றேன். "ராயபுரமா? அந்தப் பக்கம் ஓட்டுனா எந்த டயரும் தேயத்தான் சார் செய்யும். வண்டிய எப்படி ஓட்டுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிறேன். விற்கும்போது மோசமான ரோட்டுக்குச் செய்தது என்கிறீர்கள், தேய்ந்தால் ரோட்டைக் குறை சொல்கிறீர்களா? எங்கள் ரோடு உடைந்திருப்பது துறைமுகத்துக்கு ராப்பகலாகப் போகிற கண்டெய்னர் லாரிகளால். வெளிநாட்டுக் கிட் என்று பெருமையாகச் சொன்னீர்களே, அது வந்த பெட்டியும் இந்த ரோட்டில் ஏறித்தான் உங்கள் கடைக்கு வந்திருக்கும்.

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அலைன்மென்ட் மெஷினே கொடுத்த தாளில் முன் சக்கரங்களின் கேம்பரும் (சாய்வு) டோவும் (உள்ளே வெளியே திரும்பியிருக்கிற அளவு) சிவப்பில் அச்சாகியிருக்கின்றன. சிவப்பு என்றால் அளவுக்குள் வரவில்லை என்று அர்த்தம். அந்தத் தாளை மடித்து என் கையில் கொடுத்து, வண்டியை வெளியே விட்டிருக்கிறீர்கள். பிறகு நான் சண்டை போட்டதும், முன் சக்கரத்தை மேலே பிடித்திருக்கிற கண்ட்ரோல் ஆர்ம் மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்திருப்பேனே!

அந்த ஆர்முக்காக வந்த நாளை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். "வந்துடுச்சு, காலையில பத்து மணிக்கு வாங்க" என்றார்கள். அன்று சாயந்திரம் ஒரு விசைப்படகு கடலுக்குப் போக வேண்டியது, அதன் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பி ஓ.எம்.ஆருக்கு வந்தேன். ஒரு மணிக்குத்தான் ஜாக்கி வைத்தார்கள். வந்திருப்பது வேறு மாடலுக்கான ஆர்ம் என்று நாலு மணிக்குச் சொன்னார்கள். சரி, டோவையாவது திருத்திக் கொடுங்கள் என்றால், அலைன்மென்ட் போடுகிறவர் லீவாம். காலையில் போனில் சொல்ல ஆள் இல்லையா? நான் வீடு வந்து சேர்ந்தபோது ராத்திரி எட்டரை. படகுக்காரர் வேறு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தார். பதினைந்து வருஷமாக என்னிடம் மட்டும் வந்தவர். அவர் போனதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள். டயர், டீசல், போன வேலை எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சத்துக்குக் குறையாத நஷ்டம். என் தொழிலே படுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டையைப் பற்றி எழுத விட்டுப்போனது. மூலக்கடையில் பட்டை கட்டுகிற மேஸ்திரி ஒருவரிடம் காட்டினேன். பட்டையை அச்சோடு கட்டுகிற யு போல்ட் நட்டைக் கையாலேயே திருப்பிக் காட்டினார், ஐயா. புதுப் பட்டை கட்டினால் கொஞ்சம் ஓடியதும் திரும்ப டைட் வைக்கணும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஏன் என்னைக் கூப்பிடவில்லை? வண்டியின் பின்னால் 300 கிலோ இன்ஜினோடு அச்சு நகர்ந்திருந்தால் நான் இன்று கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். முன் சக்கரத்தைச் சுழற்றுகிற சி.வி. ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பரும் கிழிந்து, கிரீஸ் ரிம்முக்குள் முழுக்கத் தெளித்திருந்ததை அவர்தான் காட்டினார். வண்டிக் கம்பெனி சர்வீஸில் கேட்டால், உயரம் மாற்றிய வண்டிக்கு அந்த பாகத்தில் வாரன்டி இல்லை என்கிறார்கள். அதையும் நீங்கள் சொல்லவில்லை.

ஸ்டெப்னி இன்னும் பழைய 245/70 சைஸ்தான். புது டயரைவிட விட்டத்தில் 54 மில்லிமீட்டர் சின்னது. மணலில் பஞ்சர் ஆனால் அதைப் போட்டுக்கொண்டு, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர் வீலில் எப்படி ஓட்டுவது? மீட்டரும் தப்புக் காட்டுகிறது, 80 என்றால் உண்மையில் 86 கிட்டே போகிறேன்.

ஆர்.டி.ஓ. பிரச்சினை எதுவும் வராது என்று விற்றவர் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவையும் 182ஏ பிரிவையும் இப்போதுதான் எனக்கு ஒருவர் படித்துக் காட்டினார். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வண்டி உரிமையாளருக்கு வரலாமாம். பணம் வாங்கியது நீங்கள், கையைக் கட்டி நிற்கப்போவது நானா?

நல்லவிதமாகவே கேட்டுக்கொள்கிறேன். சரியான ஆர்ம் போட்டு, இரண்டு முன் டயரும் சி.வி. ரப்பரும் மாற்றி, அளவெல்லாம் பச்சையில் வந்த தாளோடு வண்டியைக் கொடுங்கள். முடியாதென்றால் எல்லாவற்றையும் கழற்றி, வண்டியைப் பழையபடி ஆக்கி, 1,62,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். என் பழைய பட்டை, ஷாக், நான்கு டயர் எங்கே என்று கேட்டதற்கு ஸ்கிராப்பில் போய்விட்டது என்றார்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? அவை என் பொருள்.

ஏழு நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் 1915-இல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அப்படியே வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடுவேன். ஐந்து லட்சத்துக்குள் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நானே வாதாடலாம் என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கே வரை போக எனக்கு ஆசையில்லை. வண்டி ஓடினால் போதும்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடவும், பகலில் படகுக்குள் இருப்பேன். அந்தப் பையன் பேசினால் நான் வைத்துவிடுவேன். தாங்களே பேசவும்.

இப்படிக்கு,
பில்லில் பெயருள்ள வாடிக்கையாளர்
ராயபுரம்

இணைப்பு: பில், அலைன்மென்ட் தாள், டயர், யு போல்ட், சி.வி. ரப்பர் போட்டோக்கள்