கயலுக்கு, ஸ்வீடிஷ் வகுப்பு தொடங்கும் முன்

அன்பு கயலுக்கு,

அடுத்த வாரம் எஸ்.எஃப்.ஐ. வகுப்பு, அதாவது குடியேறியவர்களுக்கான ஸ்வீடிஷ் வகுப்பு, தொடங்குகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். ஆபீசில் எல்லாரும் ஆங்கிலம் பேசும்போது இது எதற்கு என்று கேட்டாய். கோதன்பர்க்கில் ஆங்கிலத்தை வைத்தே காலம் தள்ளலாம், உண்மைதான். ஆனால் ஃபீகா நேரத்தில் காபியும் பன்னும் வைத்துக்கொண்டு அவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பது ஸ்வீடிஷில். வெஸ்தெரோசில் நாம் இருந்தபோது, மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் அந்த மேசையில் நானும் ஒருத்தி ஆனேன். உனக்கும் அது கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இலக்கணத்தைக் கண்டு பயப்படாதே. நாம் குடிக்கிறேன், குடிக்கிறாய், குடிக்கிறார்கள் என்று ஆளுக்கு ஒரு விகுதி போடுகிறோம். அங்கே அது கிடையாது. நான், நீ, அவள், நாங்கள் யாராக இருந்தாலும் 'த்ரிக்கெர்' ஒன்றேதான். 'யாக் த்ரிக்கெர்', 'தூ த்ரிக்கெர்', 'வீ த்ரிக்கெர்'. முன்பு எழுத்தில் பன்மைக்குத் தனி வினை வடிவம் இருந்தது. போன நூற்றாண்டின் நடுவில் அதையும் விட்டுவிட்டார்கள். காலம் மட்டும் மாறும்: த்ரிக்கெர், த்ரக், த்ருக்கித். இப்படி உள்ளே உயிரெழுத்து மாறும் வினைகளை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

வினையின் வடிவத்தில் தப்பித்தாலும் அதன் இடத்தில் தப்பிக்க முடியாது. நான் உனக்குச் சொல்ல வந்ததே இதுதான். தமிழில் வினை கடைசியில் வந்து உட்காரும். ஸ்வீடிஷில் சாதாரண வாக்கியத்தில் அதற்கு இரண்டாவது இடம். 'யாக் த்ரிக்கெர் கஃபெ', நான் காபி குடிக்கிறேன். இதில் 'இன்று' என்பதை முன்னால் கொண்டுவந்தால் 'இதாக் த்ரிக்கெர் யாக் கஃபெ' ஆகிவிடும். 'இன்று' முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டதும், 'நான்' எழுந்து வினைக்குப் பின்னால் போய்விட்டது, வினை அசையவில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் சறுக்குவார்கள், 'இதாக் யாக் த்ரிக்கெர்' என்று. 'நேற்று', 'அங்கே', 'அப்புறம்' எதில் தொடங்கினாலும் அடுத்த சொல் வினை என்று நாக்கைப் பழக்கிவிடு. கேள்வி கேட்க இன்னும் சுலபம். வினையை முதலில் வைத்தால் போதும்: 'த்ரிக்கெர் தூ கஃபெ?'

'இல்லை' என்பதற்கு 'இன்தெ'. 'ஹுன் கொம்மெர் இன்தெ', அவள் வரவில்லை. ஆனால் 'அவள் வரவில்லை என்று எனக்குத் தெரியும்' என்று ஒரு வாக்கியத்துக்குள் இன்னொன்றை வைக்கும்போது, உள்ளே இருப்பதில் 'இன்தெ' வினைக்கு முன்னால் போய்விடும்: 'யாக் வேத் அத் ஹுன் இன்தெ கொம்மெர்'. இதற்கு 'பிஃப் விதி' என்று ஒரு பெயர் உண்டு, வகுப்பில் நிச்சயம் கேட்பாய். முதல் மாதமே இது வராது. வராவிட்டால் விட்டுவிடு, பிறகு தானாக வரும்.

பெயர்ச்சொல்லில் இரண்டு கூட்டம்: 'என்' கூட்டம், 'எத்' கூட்டம். நான்கில் மூன்று பங்குச் சொற்கள் 'என்' பக்கம். எது எங்கே என்பதற்கு நம்பிக்கையான விதி இல்லை. அதனால் சொல்லைத் தனியாகப் படிக்காதே. புத்தகம் 'என் பூக்', வீடு 'எத் ஹூஸ்' என்று சேர்த்தே படி. குறிப்பிட்ட அந்தப் புத்தகம், அந்த வீடு என்னும்போது இதே 'என்'னும் 'எத்'தும் பின்னால் ஒட்டிக்கொள்ளும்: பூக்கென், ஹூசெத். உருபைச் சொல்லின் வாலில் ஒட்டியே வளர்ந்தவர்கள் நாம், இது நமக்குப் புதிதாகவே தெரியாது. அடைமொழி சேர்த்தால் முன்னாலும் ஒன்று வேண்டும், பின்னாலும் வேண்டும்: 'தென் ரோதா பீலென்', அந்தச் சிவப்புக் கார். பன்மையில் ஐந்து வகை இருக்கிறது, அதை வகுப்பிலேயே பார்த்துக்கொள்.

இன்னொரு இடத்திலும் தமிழ் உனக்குக் கைகொடுக்கும். 'அவன் தன் மனைவியை நேசிக்கிறான்' என்பதற்கும் 'அவனுடைய மனைவியை' என்பதற்கும் நமக்கு வேறுபாடு தெரியும். 'தன்' என்னும் இடத்தில் அவர்கள் 'சின்' போடுவார்கள், வேறொருவனுடைய மனைவி என்றால் 'ஹன்ஸ்'. ஆங்கிலத்தில் இந்த வசதியே இல்லை. ஆங்கிலத்தை நடுவில் வைத்து யோசிக்காமல் தமிழிலிருந்து நேரே போனால் இந்த இடம் உனக்கு ஒரே நாளில் புரியும். உச்சரிப்பிலும் அப்படித்தான். குழந்தைக்கு அவர்கள் சொல் 'பார்ன்'; அதில் ர், ன் என்று இரண்டு எழுத்து எழுதுவார்கள், ஆனால் கோதன்பர்க்கில் காதில் விழுவது நம்முடைய ண் போட்ட 'பாண்'. தெற்கே ஸ்கோனெ பக்கம் போனால் அது மாறும்; அங்கே ர ஒலி தொண்டையிலிருந்து வரும்.

சரி, 'நீ' என்னும் 'தூ'வைப் பற்றி. உன் மேலாளரையும் 'தூ' என்றுதான் சொல்ல வேண்டும், டாக்டரையும் அப்படித்தான். முன்பு பட்டமும் பதவியும் சொல்லி அழைத்தவர்கள்தான் அவர்களும். 1967-இல் மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செத், ஊழியர்கள் எல்லாரையும் 'தூ' என்றே அழைக்கப் போவதாக அறிவித்தார். அந்த மாற்றத்துக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. அரச குடும்பத்திடம் மட்டும் இன்றும் 'தூ' கிடையாது. வயதானவரை நீ என்று சொல்ல உனக்கு வாய் வராது, எனக்குத் தெரியும். அங்கே அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, தயங்காமல் சொல்.

நீ தடுமாறினால் அவர்கள் உதவுவதாக நினைத்து உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அப்போது 'கன் வீ ப்ராத்தா ஸ்வென்ஸ்கா?' என்று கேள், ஸ்வீடிஷில் பேசலாமா என்று. பெரும்பாலும் மகிழ்ந்து போய் மெதுவாகப் பேசுவார்கள். 'என்', 'எத்' தவறினால் யாருக்கும் புரியாமல் போகாது, அதற்காக வாயை மூடிக்கொள்ளாதே.

முதல் வகுப்பு முடிந்த அன்று இரவே ஐந்து வாக்கியம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஐந்தும் 'இதாக்' என்று தொடங்க வேண்டும். நான் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா